நனைந்துகொண்டு நிற்கும் ஐரின் விஷயமாக

ஸ்ரீரங்கம்,
ஆடி 29, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சின்னையா மச்சான் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ரயில்வே கேட்கீப்பரும் தங்கள் தங்கை ஆனந்தவள்ளியின் கணவனுமாகிய தமிழ்மணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. தங்கள் தங்கைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. எனக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. துறையூரில் தாங்களும், வள்ளிக்கண்ணு அக்காவும், தங்கள் உரக்கடையும் சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன். எங்கள் பையன் அரவிந்தன் சௌக்கியமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் போனை எடுப்பது அக்கா. எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவார்கள். அப்புறம் நான் பேசுவது துறையூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எப்படியோ நம் குடும்பக் குரூப்பில் போய் விழுகிறது. போன தடவை என் மூலச் சிகிச்சை விவரம் விழுந்து, அதற்கு நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியது தங்களுக்கு நினைவிருக்கும். ஆகையால் கடிதம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். அடுப்பில் போட்டால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்றால் பொடிப்பொடியாகக் கிழித்துவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'வீட்டுலயே உக்காந்து வேலை பாக்குறாரா, அப்ப வேலை இல்லைன்னு நேராச் சொல்லுங்க' என்று பதினோரு இடத்தில் தட்டிப்போய், பன்னிரண்டாவதாகத் தாங்கள் அலைந்து பிடித்துக்கொடுத்த இடம் ஜீயபுரம். ஆனி மாதம் போய்ப் பெண் பார்த்தோம். கலைமதி கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற பெண். என்னைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே, "மாமா, உங்க கண்ணாடி பவர் பழசு. படியைப் பார்த்து இறங்குங்க" என்றாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனைக்கும் அவளுடைய அப்பா என்னை மறக்கக்கூடியவர் இல்லை. ஜீயபுரம் பக்கத்து கேட்டில் நான் இருந்த ஒன்பது வருஷமும் அவருடைய வாழைத்தார் வண்டி சரியாக நான் கேட்டைச் சாத்தும் நேரத்துக்குத்தான் வரும். பெண் பார்க்கப் போன அன்றும் காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு தடவை பாசஞ்சர் வண்டிக்காக இருபத்திரண்டு நிமிஷம் நிக்க வச்சீங்க. வெயில்ல பாதித் தார் பழுத்துப் போச்சு" என்று சிரித்தார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் தங்கள் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். ஆவணி பதின்மூன்று வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று பேசினோம். நடுவில் ஆடி வந்து தொலைந்தது. கல்யாணம் ஆனவர்களையே ஆடியில் பிரித்து வைக்கிறோம், ஆகாதவர்கள் என்ன உசத்தி என்று சொல்லி, ஆடி முடிகிற வரைக்கும் பையனும் பெண்ணும் நேரில் பார்க்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது என்று கறாராகச் சொன்னவன் நான்தான். இரண்டு பேரும் உடனே தலையாட்டினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். அரவிந்தன் ஆபீஸ் வேலையை முடித்ததும் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தான். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். அவன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு தெருவாசலில்தான் கிடந்தது என்பது வேறு விஷயம். உள்ளே பையன் பேசுகிறான்: "ஐரின் இன்னிக்கும் வெளியிலதான் நிக்கிறா. தொப்பறையா நனைஞ்சிருக்கா. திறக்கட்டுமா?" கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "சரி சரி, திறக்கல. போன தடவை நம்பித் திறந்ததுக்குத்தான் உள்ள வந்து என் கழுத்துல கயித்தை மாட்டிட்டாளே."

மச்சான், எனக்கு நின்ற இடம் ஆடிவிட்டது. கழுத்தில் கயிறு. நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் முறைப்படி மாட்ட வேண்டியவன் இவன். இவன் கழுத்தில் அவள் மாட்டிவிட்டாள் என்றால் எப்பேர்ப்பட்ட பெண்ணாக இருக்க வேண்டும்! தெருக்கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் யாரும் நனைந்துகொண்டு நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழையே இல்லை.

மறுநாள் தங்கள் தங்கையைச் செருப்பு தேட அனுப்பினேன். போன வேகத்தில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். "என்னங்க, 'மூணு உசிருல ரெண்டு போயிருச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி'ங்கிறான். எல்லாருக்கும் ஒண்ணுதானங்க இருக்கும்? இவனுக்கு அந்த ரெண்டு எப்பங்க போச்சு? நான் பெத்த புள்ளை, எனக்கே தெரியாம ரெண்டு போயிருக்கு!" என்று அழுதாள். அழுகையோடு சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் நான் மறுபடி போனேன். அன்று கேட்டதுதான் என்னைப் படுக்கையில் தள்ளியது. "புருஷனை லாட்ஜோட கீழ்த்தளத்துல பூட்டி வச்சிருக்கா, சாவி அவகிட்டதான் இருக்கு" என்கிறான். அதை ஏதோ கத்தரிக்காய் வாங்கிய விஷயம் மாதிரி சொல்கிறான். அப்புறம், "அவளுக்கு மூணு முடிவு இருக்கு. ரெண்டு ரொம்ப மோசம். நல்ல முடிவு வரணும்னா நாமதான் பொறுமையா இருக்கணும்" என்கிறான். ஜீயபுரத்தில் நல்ல முடிவு சொல்லுங்கள் என்று நாம் கைகட்டி நின்று வாங்கி வந்திருக்கிறோம். இங்கே ஒருத்தி, கட்டின புருஷனைப் பூட்டி வைத்துவிட்டு, கையில் மூன்று முடிவோடு நிற்கிறாள்.

ஐரின் என்ற பெயரை வைத்து, பொன்மலையில் இருக்கும் என் சிநேகிதர் சகாயநாதனிடம் போனேன். என் காலத்தில் தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்தவர், மாதா கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். "ஐரின்னு ஒரு பொண்ணு. எப்பவும் நனைஞ்சிருக்கும். புருஷன் வெளியில வர்றதில்ல. தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டேன். அவர் சிரிக்காமல் யோசித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம். "எங்க பங்குல மூணு ஐரின் இருக்காங்க தமிழ்மணி. ஒண்ணு இப்பதான் புதுநன்மை வாங்கின குழந்தை. ஒண்ணு கன்னியாஸ்திரி. மூணாவது ஐரின் டீச்சர், எழுபத்தோரு வயசு. புருஷன் வெளியில வர்றதில்லைங்கிறது அவங்களுக்குச் சரியா இருக்கு, அவருக்குப் பக்கவாதம்" என்றார். சொன்னதோடு விடாமல் கையைப் பிடித்து டீச்சர் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் பிஸ்கட் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் உங்க பையன் கழுத்துல எதையும் மாட்டலைங்க. ஆனா போன மாசம் பஸ் ஸ்டாப்புல ஒரு நாள் நனைஞ்சது உண்மைதான்" என்றார்கள். அவர்கள் கையெடுத்துக் கும்பிட, நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

அடுத்து, பையன் குளிக்கப் போன நேரத்தில் அவன் மேஜையில் ஒரு நோட்டு அகப்பட்டது. முழுக்க ஐரின்தான். 'ஐரின் ஏன் நிலைக்கண்ணாடியில தெரிய மாட்டேங்கிறா?' என்று ஒரு பக்கம். 'ஐரின் பொய் சொல்றாளா, இல்ல மறந்துட்டாளா?' என்று இன்னொரு பக்கம். நடுவில் சிவப்பு மையில் அவள் பிறந்த தேதி, வருஷம், காலை மணி நாலு நாற்பத்து நாலு என்று நேரம் உள்பட எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. பிறந்த நேரத்தைக் குறித்து வைக்கிற அளவுக்குப் போய்விட்டான் என்றால் ஜாதகம் பார்க்கத்தானே! எதற்கும் நாமே பார்த்துவிடுவோம் என்று அந்தக் குறிப்பையும் பையன் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு வீதியில் இருக்கும் ஸ்ரீரங்கராஜன் ஸ்வாமியிடம் போனேன். கலைமதிக்கும் பொருத்தம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அதில் பத்துக்கு ஆறு வந்து, போதும் என்று நாம் திருப்திப்பட்டோம். இதைக் கணித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பத்திலே ஒன்பது பொருந்தறது ஸ்வாமி! அடியேன் இந்த வீதியிலே இத்தனை வருஷமா இப்படி ஒண்ணு பார்த்ததில்லே. குழந்தை எங்கே இருக்கா?" என்றார். ஏதோ லாட்ஜில் இருப்பதாகக் கேள்வி என்றேன். "பெருமாளே! க்ஷேமமா இருக்காளோ? ஏன் கேக்கறேன்னா, ஜலத்தாலே ரொம்ப சிரமம் காட்டறது" என்றார். பொருந்தாத ஒன்று எது என்று கேட்டேன். "ரஜ்ஜு" என்றார். ரஜ்ஜு என்றால் என்ன ஸ்வாமி என்றேன். அவர் சாவதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரஜ்ஜுன்னா கயிறு" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறியதும், வேறு ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்ததும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

போன திங்கட்கிழமை பொறுக்க முடியாமல், கையில் ஒரு கிண்ணம் சுண்டலை எடுத்துக்கொண்டு அறைக்குள் நேராக நுழைந்துவிட்டேன். பையன் மேஜை மேல் உள்ள பெரிய திரையில் பாழடைந்த லாட்ஜ் ஒன்று. நீளமான வராந்தா. கடைசியில் ஒரு கதவு. கதவில் சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மழையில் மஞ்சள் ரெயின்கோட்டோடு ஒரு பெண். பாதி முகத்தை ஈரத்தலை மறைத்திருக்கிறது. ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் சாவிக்கொத்து. அசையாமல் நிற்கிறாள். பையன் என்னைப் பார்த்ததும் ஹெட்போனில் எதையோ அவசரமாக அணைத்துவிட்டு, "அப்பா, பயப்படாதீங்க. இதான் ஐரின். கேம்ப்பா" என்றான்.

கேம்! மச்சான், ஒரு மாதமாக நான் தூங்காமல் கிடந்தது ஒரு பொம்மைக்கு. எனக்குப் பின்னால் வந்த தங்கள் தங்கை இதை எதையும் கேட்கவில்லை. திரையில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும், 'என் புள்ளையோட ரெண்டு உசிரைத் தின்னவ நீதானா' என்று சமயபுரத்துக் குங்குமத்தை அள்ளித் திரை முழுக்க அப்பிவிட்டாள். எல்லாம் சிவப்பாகப் போனதும் அரவிந்தன், "ஐயோ, இது புது சீனு!" என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். அப்புறம் துணி கொண்டுவந்து துடைத்தோம். இன்னும் ஐரின் மூக்குப் பக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொம்மைதானே, விட்டது சனியன் என்று தாங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்ட பிறகுதான் விஷயம் மோசம் என்று புரிந்தது. இது பேய் திடீரென்று குதிக்கிற விளையாட்டு இல்லையாம். பயம் மனதுக்குள் வர வேண்டுமாம். மனதுக்குள் வரும் பயம் எனக்குத் தெரியாதா? வண்டி வருகிற நேரத்தில், கேட்டைப் பூட்டினேனா இல்லையா என்று ஒரு சந்தேகம் வருமே, அதைவிடவா? சரி, அந்தப் பெண் யாருடா என்று கேட்டேன். "அதான்ப்பா விஷயமே. அவ யாருன்னு யாருக்கும் தெரியாது. லாட்ஜுக்குள்ள இருக்கிற ஆளோட பொண்டாட்டியா, அவன் முன்னாடி செஞ்ச தப்பா, இல்ல அவனோட மனசாட்சியேதானான்னு உலகம் பூரா சண்டை நடக்குது" என்றான். "மனசாட்சி எதுக்குடா சூட்கேஸோட வருது?" என்றேன். அவன் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்து, அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அப்புறம் ஹெட்போனை என் காதில் மாட்டினான். மழைச் சத்தம். அவள் கண்ணாடியில் மெதுவாக விரலால் தட்டி ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். இங்கிலீஷ்தான். அர்த்தம் இது: 'என்னைத் தெரியலையா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருஷம் கேட் பார்த்தவன் நான். கேட்டைச் சாத்தின பிறகு வருகிற ஒவ்வொருத்தரும் கேட்கிற கேள்வி அதுதான். 'என்னைத் தெரியலையா? ஒரு நிமிஷம் திறந்து விடுங்க.' எத்தனை பேர்! ஜீயபுரத்துக்காரரே எத்தனை தடவை கேட்டிருப்பார்! தெரிந்தாலும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதுதான் என் உத்தியோகம். அந்தக் கேள்வியை வைத்தே அந்தப் பெண்ணின் சூழ்ச்சி எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்க வேண்டியவனுக்கு விளங்கவில்லை. "டேய், பதின்மூணாம் தேதி உனக்கு நிச்சயம். கலைமதி முகமாவது ஞாபகம் இருக்கா?" என்றேன். லேசாகச் சிரித்துக்கொண்டு, "இருக்குப்பா" என்றான். பிறகு சொன்னான் பாருங்கள்: "ஆனா ஐரினுக்கு நல்ல முடிவு கிடைச்சாத்தான் நிச்சயத்துக்கு உக்காருவேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்." யாரிடம் சத்தியம் என்று கேட்டேன். ஹெட்போனைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள பெண்ணாக இருந்தால் அவளுடைய அப்பாவைப் பிடித்துப் பேசலாம், காலில் விழலாம். இவளுக்கு அப்பாவும் இல்லை, விலாசமும் இல்லை, நிலைக்கண்ணாடியில் நிழல்கூடத் தெரியாதாம். இவளிடமிருந்து பையனை நான் எப்படி மீட்பது?

ஆகையால் மச்சான், நீங்கள் எனக்கு ஒரு உபகாரம் செய்தாக வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும் ஜீயபுரம் போய், எங்கள் பங்காளி வகையில் தீட்டு என்று சொல்லி நிச்சயத்தைத் தள்ளி வையுங்கள். லால்குடியில் எனக்கு ஒரு பெரியப்பா இருந்ததாகவும், அவர் இப்போது இல்லை என்றும் சொல்லவும். இரண்டாவது பாதி உண்மைதான். புரட்டாசியில் கூடாது, ஆகவே தானாக ஐப்பசிக்குப் போய்விடும். அதற்குள் நீங்கள் இங்கே வந்து பத்து நாள் தங்கி பையனுக்குப் புத்தி சொல்லுங்கள். அவன் என் பேச்சைக் கேட்பதில்லை, உங்களுக்குத்தான் பயப்படுவான். மனம் தெளியாத பையனை அந்த நல்ல பெண் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. முக்கியமான ஒன்று. என்ன ஆனாலும் கலைமதி காதில் ஐரின் என்ற பெயர் விழக் கூடாது. விழுந்தால் இந்தச் சம்பந்தம் போயிற்று. பன்னிரண்டோடு நமக்கு இடம் முடிந்துவிட்டது, பதின்மூன்றாவது இடம் தேட உங்கள் காலிலும் வலு இல்லை, என் மானத்திலும் வலு இல்லை.

தங்கள் கடைக்கு யூரியா லோடு தாமதமில்லாமல் வரவும், அக்காவின் போன் ஸ்பீக்கர் சீக்கிரம் கெட்டுப்போகவும், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும் சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். ஆனந்தவள்ளி தன் அண்ணனுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாளாம்.

இப்படிக்கு,
என்றும் மரியாதையுடன்,
தமிழ்மணி.

பின்குறிப்பு (ஆவணி 1, ஞாயிற்றுக்கிழமை): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி, தபாலாபீஸ் பூட்டிக் கிடந்ததால் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. பெரியப்பாவைச் சாகடிக்க வேண்டாம். அதைவிடப் பெரிய காரியம் வந்துவிட்டது.

இன்று காலை பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டி சத்தம். போய்ப் பார்த்தால் கலைமதி! கையில் ஒரு சீப்பு பூவன்பழம். "ஆடி முடிஞ்சிருச்சு மாமா. வரலாம்ல?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அரவிந்தன் அறைக்குப் போய், பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்தாள். அவனுடையதுக்கு ஜோடி. "ஐரின் வந்துட்டாளா? இன்னிக்கு முடிச்சிடலாம்" என்கிறாள். கேட்டால், அந்த விளையாட்டை இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டுமாம். ஒருத்தர் லாட்ஜுக்குள் நடக்க வேண்டும், இன்னொருத்தர் வேறு இடத்தில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். ஒரு மாதமாக ஜீயபுரத்திலிருந்து வழி சொன்னது இவள்தான். பெண் பார்த்த அன்று வாழைத்தோட்டத்துப் பக்கம் பத்து நிமிஷம் பேச விட்டோமே, அந்தப் பத்து நிமிஷமும் பேசியது ஐரினைப் பற்றித்தானாம். அரவிந்தன் சத்தியம் செய்து கொடுத்ததும் இவளிடம்தான். "ஏம்மா, ஆடி முடியிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு சொன்னேனே?" என்றேன். "நேர்ல பாக்கக் கூடாது, போன்ல பேசக் கூடாதுன்னுதான மாமா சொன்னீங்க? கேம்ல பேசக் கூடாதுன்னு சொல்லலையே?" என்றாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். நல்ல முடிவுக்கு இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ஐரின் கதவுக்கு வெளியே நிற்பாள், ஐந்து நிமிஷம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால் சூட்கேஸை வைத்துவிட்டு அவளே போய்விடுவாள், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை, "கேசரி ஆறுதும்மா, வந்து ஒரு வாய் சாப்பிடு" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்தார்கள். கலைமதி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "மாமா முப்பத்தொரு வருஷம் கேட் பாத்தவங்க. இதுக்கு இவங்களைவிட நல்ல ஆள் கிடைக்குமா? அஞ்சே நிமிஷம் மாமா, எதையும் தொட்டுடாதீங்க" என்று சொல்லி ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுப் போனாள்.

மழை பெய்கிறது மச்சான். அந்தப் பெண் நிற்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மூக்குப் பக்கம் தங்கள் தங்கை வைத்த குங்குமம். சூட்கேஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. கண்ணாடியில் தட்டி, 'என்னைத் தெரியலையா?' என்கிறாள். நான் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. மறுபடி கேட்டாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. வண்டி எதுவும் வரவில்லை. சிக்னலும் இல்லை. எதற்காக இவளை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. பொம்மை என்று தெரியும், சூழ்ச்சி என்று தெரியும். ஆனாலும் ஒரு பெண் நம் வாசலில் நனைந்துகொண்டு நிற்கும்போது கேசரி வாசனையோடு எப்படி உட்கார்ந்திருப்பது? எந்தப் பட்டனை அமுக்கினால் கதவு திறக்கும் என்று செருப்பு தேடிய நாட்களில் கேட்டு வைத்திருந்தேன். அமுக்கிவிட்டேன்.

கயிறு, கூச்சல், இருட்டு. பாக்கியிருந்த அந்த ஒரு உயிரும் போயிற்று. ஆடி முழுக்க இரண்டு பேரும் பாடுபட்டது எல்லாம் அழிந்து, முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். கலைமதி கையில் கேசரிக் கிண்ணத்தோடு வந்து நின்று திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லை மாமா. ஆனா சத்தியம் சத்தியம்தான். அவளுக்கு நல்ல முடிவு வராம நாங்க நிச்சயத்துக்கு உக்கார மாட்டோம். ஐப்பசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லி அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள். அரவிந்தன் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். ஆகவே மச்சான், கடிதம் கண்டதும் ஓடிப்போய் ஜீயபுரத்துக்காரர் காலிலாவது விழுந்து, எக்காரணம் கொண்டும் தள்ளிவைக்கக் கூடாது, பதின்மூன்றாம் தேதியே நடந்தாக வேண்டும் என்று கெஞ்சவும். இருபத்திரண்டு நிமிஷம் அவரைக் கேட்டில் நிற்க வைத்தவன், இப்போது அவர் பெண்ணையும் இரண்டு மாதம் நிற்க வைத்துவிட்டான் என்று அவர் சொல்வதற்கு முன்னால் போய்விடுங்கள். பையனுக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம். வருவதாக இருந்தால் எனக்குச் சொல்ல வாருங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் கோபத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அவள் உள்ளே வந்து, சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து 'தேங்க்யூ' என்றாள். கயிறு அதற்கப்புறம்தான் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டைத் திறந்துவிட்டிருப்பேன் மச்சான், அதை ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை.